பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடியே பல்செட் டாக்டரைப் பாருங்க! - பிளவு அண்ணத்தோடு வளர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் பாட்டி ராத்திரி தூங்கப் போகும்போது பல்செட்டைக் கழற்றி, அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரில் போட்டுவைப்பார். காலையில் எழுந்ததும் கழுவி மாட்டிக்கொண்டு, காபி கேட்பார். அவ்வளவுதான் விஷயம். பல்செட் என்றால் எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வரும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டம்ளர் இருந்திருக்கலாம்.

ஆனா, எல்லாருக்கும் பல்செட் இவ்வளவு சுலபமா உட்கார்ந்துடாது. பிறக்கும்போதே உதட்டிலும் அண்ணத்திலும் பிளவோடு பிறந்து, அதோடவே 50, 60 வயது வரை வந்தவர்களுக்கு, 'எல்லாப் பல்லையும் எடுத்துட்டு செட் போட்டுக்கலாம்' என்பது ஒரே வரியில் முடிகிற வேலை இல்லை. எந்தப் பல்லை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று யோசிக்காமல் அவசரப்பட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால், பிறகு எந்த செட் செய்தாலும் வாயில் நிற்காமல் போகலாம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அமிர்தியிலிருந்து ஒருவர்

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. நம்மில் பலருக்கு அது ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் ஸ்பாட். சின்ன வனவிலங்குப் பூங்கா, அருவி, கட்டுச்சோறு, அப்புறம் வீடு. அங்கேயே வாழ்கிறவர்களுக்கு வேலூர் என்பது ஒரு முழு நாள். பஸ், ஓ.பி. சீட்டு வரிசை, திரும்ப பஸ். அன்றைய கூலி போச்சு.

அந்தப் பக்கம் 55 வயதில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1970 வாக்கில் பிறந்தவர். பிளவுபட்ட உதட்டுக்கும் அண்ணத்துக்கும் இலவசமாக ஆபரேஷன் செய்ய உதவும் 'ஸ்மைல் ட்ரெயின்' அமைப்பு தொடங்கியதே 1999-ல்தான். குழந்தைகளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தேடிப் போய்ப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் வந்தது 2013-ல். பெரிய மருத்துவமனைகளில் அப்போதும் ஆபரேஷன் இருந்தது. ஆனா மலையடிவாரத்தில் பிறந்த குழந்தையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது சொல்லியிருக்க வேண்டுமே? சிலருக்கு உதட்டை மட்டும் தைத்திருப்பார்கள், அண்ணம் அப்படியே இருக்கும். சிலருக்கு அண்ணத்தையும் மூடியிருப்பார்கள், நடுவில் ஒரு சின்ன ஓட்டை மிஞ்சியிருக்கும். குடிக்கிற கஞ்சி மூக்கு வழியா வரும். பேச்சு மூக்கால வரும். ஊர் வைத்த பட்டப்பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

'கிரகணத்தப்போ அம்மா வெளிய வந்தா, அதான்' என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லைங்க. கருவில் மேலுதடு ஒன்றுசேர்வது நான்கிலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அண்ணம் மூடுவது ஆறிலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியவரும். இரண்டு பக்கமும் வளர்ந்து நடுவில் சேர வேண்டிய திசு சேராமல் போவதுதான் பிளவு. மரபணு, சில வலிப்பு மாத்திரைகள், கட்டுப்படாத சர்க்கரை, புகை என்று காரணங்கள் பல. பெரும்பாலும் இதுதான் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே முடியாது. அம்மாவின் தப்பு எதுவும் இல்லை.

பல் ஏன் சீக்கிரமே போகிறது?

பிளவு ஈறு வழியாகவும் போயிருந்தால், அந்த இடத்தில் எலும்பே இருக்காது. மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் பலருக்கு முளைக்கவே முளைக்காது. முளைத்தாலும் கோணலாக, சிறுத்து வரும். சிலருக்குத் தேவையில்லாத இடத்தில் கூடுதல் பல் ஒன்று முளைக்கும். பிளவை ஒட்டிய பற்களின் எனாமலும் பலவீனமாக இருப்பது உண்டு.

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைப்பதற்கு முன்னால், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறுப் பிளவில் வைத்து நிரப்புகிறார்கள். அப்புறம் கிளிப் போட்டுப் பற்களை வரிசைப்படுத்துகிறார்கள். நாம் பேசும் 55 வயதுக்காரருக்கு அது எதுவும் நடந்திருக்காது. பிளவின் இரு கரையிலும் இருக்கும் பற்கள் மெல்லிய எலும்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் அவை முதலில் ஆடத் தொடங்கும்.

இன்னொன்று இருக்கு. தைத்த உதடு இறுக்கமா இருக்கும். அதைத் தூக்கிப் பிரஷ் விடுவதே கஷ்டம். கோணலாக அடுக்கியிருக்கும் பற்களுக்கு நடுவில் சோறு தங்கும். அதையெல்லாம்விடப் பெரிய காரணம், வாயைத் திறந்து காட்ட அவர்களுக்கு இருக்கும் கூச்சம். சிரிக்கும்போது துண்டாலோ முந்தானையாலோ வாயை மூடியே பழகியவர், ஒரு வெளிச்சமான ரூமில் நாற்காலியில் சாய்ந்து, நாலு பேர் முன்னால் 'ஆ' காட்ட எவ்வளவு தயங்குவார்! வலி தாங்க முடியாமல் போகும் வரை தள்ளிப்போடுவார். அப்புறம் போய் நின்று, 'எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர், தொல்லை விட்டுச்சு' என்பார்.

அந்த வார்த்தையை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லாதீங்க.

செட் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள். நேராகத் தூக்கினால் வராது. பல்செட்டின் மேல்தட்டும் அப்படித்தான். அண்ணத்துக்கும் தட்டுக்கும் நடுவில் எச்சில் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். தட்டின் விளிம்பு சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பில்தான் என் பாட்டி முறுக்குகூட சாப்பிட்டார். (கீழ் செட் யாருக்குமே அவ்வளவாகப் பிடிக்காது. நாக்கு ஆடும் இடம் அது.)

அண்ணத்தில் ஓட்டை இருந்தால் அது வழியே காற்று புகும், பிடிப்பு போய்விடும். ஓட்டை மூடியிருந்தாலும் சிக்கல் உண்டு. ஆபரேஷன் தழும்பு அண்ணத்தை மேடு பள்ளமாக, தட்டையாக ஆக்கியிருக்கும். தழும்பு இழுப்பதால் மேல்தாடை முழுசாக வளராமல் சின்னதாக, உள்ளே தள்ளி நிற்கும். கீழ்த்தாடை சாதாரணமாக வளர்ந்திருக்கும். சின்ன மேல்தாடையில் உட்காரும் தட்டில், பெரிய கீழ்த்தாடைக்குப் பொருந்துகிற மாதிரி பற்களை வெளியே தள்ளி வைக்க வேண்டும். கடிக்கும்போது தட்டு சாயும். சிரித்தால் இறுகிய மேலுதடு தட்டைக் கீழே தள்ளும்.

இங்கேதான் மிச்சமிருக்கும் நாலு பல்லுக்கு மதிப்பு. நன்றாக நிற்கும் ஒரு கடைவாய்ப் பல் இருந்தால் அதில் கம்பிக் கொக்கி போட்டு செட்டைப் பிடித்து நிறுத்தலாம். கோரைப்பல்லின் வேர் நீளமானது, சுலபத்தில் ஆடாது. அதன் மேல்பகுதி சொத்தையாகிப் போனாலும், வேர் சிகிச்சை செய்து ஈறு அளவுக்கு வெட்டி, மேலே ஒரு மூடி போட்டு, அதன் மேல் செட்டை உட்கார வைக்கலாம். 'ஓவர் டென்ச்சர்' என்பார்கள். வேர் உள்ளே இருக்கும் வரை அந்த இடத்து எலும்பு கரையும் வேகமும் குறையும். எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்கிற உணர்வும் கொஞ்சம் மிஞ்சும். சாதாரணமான வாய்க்கு இது வசதி. பிளவுபட்ட வாய்க்கு, செட் நிற்குமா விழுமா என்பதையே பல நேரங்களில் இதுதான் முடிவு செய்யும்.

எல்லாப் பல்லும் கட்டாயம் போக வேண்டிய நிலைமை சிலருக்கு வரும். சீழ் வைத்து, ஆடி, தொட்டாலே வலிக்கிற பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எடுக்கத்தான் வேண்டும். அதில் அவமானம் எதுவும் இல்லை. நான் சொல்வது வரிசையைப் பற்றி. செட் செய்யப் போகிறவர் முதலில் வாயைப் பார்த்து, எக்ஸ்ரே பார்த்து, 'இது இருக்கட்டும், இது போகட்டும்' என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பல் எடுப்பது அதற்குப் பிறகு. அந்த டாக்டருக்குப் பெயர் புரோஸ்தோடான்டிஸ்ட், செயற்கைப் பல் சிறப்பு மருத்துவர். பிளவை ஒட்டிய பல்லை எடுக்கும்போது மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் புதிதாக வழி திறந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அதை ஒரு சாதாரணப் பல்லாக நினைத்துத் தெருமுனையில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காலத்தில் செட்தான் சிகிச்சை

அண்ணப் பிளவு என்றதும் நமக்கு ஆபரேஷன்தான் ஞாபகம் வருகிறது. 2009-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படம் அதற்கு ஒரு காரணம். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கத்துக் கிராமத்துச் சிறுமி பிங்கிக்கு உதட்டில் ஆபரேஷன் நடந்த கதை. 2013-ல் விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியில் டாஸ் போட்டதும் அந்தப் பெண்தான். நல்ல கதை, எனக்கும் பிடிக்கும். ஆனா ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின் என்ற இரண்டு போட்டோக்களோடு விஷயம் முடிந்துவிட்டது போல நாம் பழகிவிட்டோம். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்த வாய் என்ன ஆகும் என்று யாரும் படம் எடுப்பதில்லை.

வரலாறு வேறு மாதிரி. 16-ம் நூற்றாண்டு பிரான்ஸில் அம்ப்ரோஸ் பாரே என்ற அறுவை மருத்துவர், அண்ணத்து ஓட்டையை அடைக்க உலோகத் தகடு ஒன்றை விவரித்திருக்கிறார். அதன் மேலே கட்டிய கடற்பஞ்சு ஈரத்தில் ஊதி ஓட்டையில் பிடித்துக்கொள்ளும். 'அடைப்பான்' என்ற பொருளில் அவர் வைத்த பெயரைத்தான் மருத்துவர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள்: ஆப்ச்சுரேட்டர். உளவியல் மேதை சிக்மண்ட் ஃபிராய்டுக்குப் பிறவிப் பிளவு இல்லை. 1923-ல் புற்றுநோய்க்காக அண்ணத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். மூக்கையும் வாயையும் பிரிக்க ஒரு பெரிய செட் செய்து கொடுத்தார்கள். வீட்டில் அதற்கு வைத்த பெயர் 'ராட்சசன்'. சாகும் வரை 16 வருஷம், அதோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் பேசினார், சாப்பிட்டார்.

எனக்கு ஆச்சர்யமாக இருந்தது இன்னொன்று. அமெரிக்காவில் பிளவு சிகிச்சைக்கான மருத்துவர் சங்கம் 1943-ல் தொடங்கியபோது, அதன் பெயரிலேயே 'அண்ணப் பிளவுக்கான செயற்கை உறுப்பு' என்பதுதான் இருந்தது. தொடங்கியவர்கள் பல் மருத்துவர்கள். அப்படியென்றால் ஒரு காலத்தில் செட் செய்கிறவர்தான் முதல் ஆள். ஆபரேஷன் முன்னேறிய பிறகு அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். வயதானவர்களுக்கு அவர் இப்போதும் முதல் ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

அளவு எடுக்கும் நாளில்

பல் எடுத்த பிறகு ஈறு ஆற வேண்டும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். பல் எடுத்த அன்றே மாட்டும் தற்காலிக செட்டும் உண்டு. ஈறு சுருங்கச் சுருங்க அது லூஸாகும், உள்ளே திரும்பத் திரும்பப் பூச்சு போட வேண்டும். எது உங்களுக்குச் சரி என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்களில் சாமைக் கஞ்சி, குழைந்த சோறு, மசித்த பருப்பு. மலைப் பக்கத்தில் சாமைக்குப் பஞ்சம் இல்லை.

அளவு எடுக்க வாயில் மாவு மாதிரி ஒன்றை வைத்து அழுத்துவார்கள். அண்ணத்தில் ஓட்டை இருந்தால் அது மூக்குக்குள் போய் மாட்டிக்கொள்ளக்கூடும். அதனால் வாஸ்லின் தடவிய பஞ்சுத் துணியை நூல் கட்டி ஓட்டையில் வைத்துவிட்டு அளவு எடுப்பார்கள். ஓட்டை சின்னதா இருக்கு, கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்தால்கூட நீங்களே சொல்லிவிடுங்கள். தண்ணி குடிக்கும்போது மூக்கில் வருதா என்பது உங்களுக்குத்தானே தெரியும்?

மெழுகில் பல் பதித்துப் போட்டுப் பார்க்கும் நாள் ஒன்று வரும். பலரும் அன்றைக்குக் கண்ணாடியில் அழகு மட்டும் பார்த்துவிட்டு, 'நல்லாருக்கு' என்று எழுந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், பேசிப் பாருங்கள். நம்ம தமிழ் இதற்கு நல்ல சோதனை. ப, த, ட, க, ச எல்லாம் வாய்க்குள் காற்றை அடைத்து விடும் எழுத்துகள். அண்ணம் அடைபடாவிட்டால் காற்று மூக்கில் போய்விடும். 'பப்பாளி', 'தாத்தா', 'சட்டி', 'காக்கா' சொல்லிப் பாருங்கள். மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'பா பா பா' சொன்னால், காற்று கசிகிறவர்களுக்குக் கண்ணாடியில் ஆவி படியும். பேச்சுப் பயிற்சியாளர்களே செய்கிற சோதனைதான் இது. (ம, ன, ண சொன்னால் எல்லாருக்கும் படியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) அப்புறம் 'வாழைப்பழம்'. நாக்கு மேலே மடங்கும் இடத்தில் தட்டின் தடிமன் குறுக்கே வந்தால் ழகரம் கொழகொழக்கும். மெழுகில் இருக்கும்போது பல்லை மாற்றி வைப்பது சுலபம். அக்ரிலிக் ஆன பிறகு கஷ்டம்.

எல்லாப் பேச்சுக் குறையையும் செட் சரிசெய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். முன் அண்ணத்து ஓட்டையைத் தட்டு அடைக்கும். பின்னால் இருக்கும் மென்மையான அண்ணம் குட்டையாக இருந்து காற்று கசிந்தால், செட்டின் பின்பக்கம் ஒரு குமிழ் நீட்டி அதை அடைக்கப் பார்ப்பார்கள். ஐம்பது வருஷம் பழகிய நாக்கு ஒரே நாளில் மாறாது. பேச்சுப் பயிற்சி வேண்டும். அப்போதும் கொஞ்சம் மூக்கொலி மிஞ்சலாம். ஆனா கஞ்சி மூக்கில் வராமல், நாலு பேரோடு பந்தியில் உட்கார முடிந்தால், அது சின்ன விஷயமா என்ன?

இம்ப்ளான்ட் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனா திருகாணி பிடிக்க எலும்பு வேண்டும். பிளவு இருக்கும் பக்கம் அதுதான் இல்லை. எலும்பு வைத்து நிரப்பி, ஆறும் வரை காத்திருந்து, அப்புறம் வைக்க வேண்டும். செலவும் அதிகம்.

எத்தனை நடை?

அமிர்திக்காரர் கணக்குக்கு வருவோம். பார்த்து எக்ஸ்ரே எடுக்க ஒரு நடை. பல் எடுக்க இரண்டு, தையல் பிரிக்க ஒன்று. ஆறிய பிறகு முதல் அளவு, இரண்டாவது அளவு, கடி உயரம் பார்க்க, மெழுகில் போட்டுப் பார்க்க, செட் வாங்க. அதற்கப்புறம் உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு நடையாவது. பத்து, பதினொன்று ஆகிறது. ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி. மலைக்கு மேலே ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து வந்தால் இன்னும் கஷ்டம். பாதியில் நிறுத்திவிட்டு, பல்லும் இல்லாமல் செட்டும் இல்லாமல் இருப்பவர்கள் இருந்தால் அது அவர்கள் அலட்சியம் இல்லை, இந்தக் கணக்குதான். அதனால் முதல் நாளே, 'நான் தூரத்திலிருந்து வர்றேன், எதை எதை ஒரே நாள்ல முடிக்கலாம்?' என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. வேலூருக்கு அது அடுக்கம்பாறையில் இருக்கிறது. சிக்கலான வாயாக இருந்தால் சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கே செயற்கைப் பல்லுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவாக இருக்கும். மாணவர் செய்வார், பேராசிரியர் பார்ப்பார், நேரம்தான் கொஞ்சம் கூட ஆகும். கேரளாவில் 60 வயதைக் கடந்த ஏழைகளுக்கு இலவசமாகப் பல்செட் கொடுக்க 'மந்தஹாசம்' என்று தனித் திட்டமே வைத்திருக்கிறார்கள். புன்னகை என்று அர்த்தம். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பஸ் ஸ்டாண்ட் ஓரமும் சந்தையிலும், ஒரே நாளில் பல் கட்டித் தருவதாகச் சொல்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பக்கத்துப் பற்களோடு சேர்த்து அக்ரிலிக்கைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடுவார்கள். உள்ளே சோறு தங்கி, காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த நாலு பல்லும் அழுகும்.

செட் வந்த பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், தட்டு கோணிவிடும். பேஸ்ட் வேண்டாம், அது தேய்க்கும். குளியல் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதன் மேல் கழுவினால், கை தவறி விழுந்தாலும் உடையாது. மூக்கை அடைக்கும் குமிழ் இருந்தால் அதில் மூக்குச்சளி படியும், தினமும் கழுவியே ஆக வேண்டும். உறுத்தினால் வீட்டில் அரம் வைத்துத் தேய்ப்பது, உடைந்தால் ஃபெவிக்விக் போடுவது ரெண்டும் கூடாது.

சரி, முதல் நாள் போகும்போது என்ன சொல்வது என்று தயக்கமாக இருந்தால், இதை அப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வாயைத் திறக்கும் முன்பே நீட்டிவிடலாம்: 'எனக்குப் பிறவியிலேயே அண்ணத்தில் பிளவு. இத்தனை வயதில் ஆபரேஷன் செய்தார்கள் / செய்யவில்லை. தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது / வரவில்லை. சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இருக்கிறது / இல்லை. பல்லை எடுப்பதற்கு முன்னால், செட் செய்யும் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும்.'